தியான்

கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால்தான் இந்தப் பக்கம் பிளேடு ஓடும், விட்டால் தோல் மடிந்து வழிவிட மாட்டேன் என்கிறது, வலது பக்கம் முழுக்க இப்படித்தான் ஆகிவிட்டது இவருக்கு, கன்னம், கை, கால் எல்லாம் வேறு யாருடையதையோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி. ஹாலில் ஜன்னலோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிறது, நுரைக்குள்ளிருந்து நரைமயிர் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அசையாதீங்க என்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனுஷன், காய்ச்சலில் கிடந்த நாளில்கூடச் சவரம் பண்ணாமல் காபி குடித்ததில்லை, கண்ணாடிக்கு முன்னால் நின்று மோவாயைத் தூக்கி ஒரே இழுப்பாக இழுப்பார், பார்க்கிற நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது அந்த மோவாயை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு துடிப்பது தெரிகிறது, இவ்வளவு மேலாகவா உயிரை வைத்திருக்கிறார்கள், ஒரு தோல் கனத்துக்கு அடியில், எடுத்துக்கொள் என்பது மாதிரி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடை வைக்கும்போது பார்த்து வாயைத் திறக்கிறார்.

"தியான்."

கையை எடுத்துவிடுகிறேன். தண்ணி சில்லுன்னு இருக்கா என்கிறேன். இல்லை. கழுத்து வலிக்குதா. இல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுதா. இடது கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டுகிறார், அப்பாடா, அதுதான், திரையைப் பாதி இழுத்துவிடுகிறேன். வெளிச்சத்துக்கும் தியான், தண்ணீருக்கும் தியான், கஞ்சி சூடு என்பதற்கும் தியான், மகன் கிறிஸ்தோஃப் லியோனிலிருந்து போனில் பேசும்போது கண்ணில் நீர் வழிய வழிய தியான், தியான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை அது, அதற்குப் பிறகு வேறு வார்த்தையே வரவில்லை. அங்கே ஒரு நர்சுப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, ஐயா தியானம் பண்ணணும்னு கேக்கறார் போல, சத்தம் போடாம பாத்துக்கறோம்" என்றாள், அவ்வளவு பிரியமாகச் சொன்னாள், நான் தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வேறு மாதிரிச் சொன்னார். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் ரத்தம் நின்றுவிட்டது, சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், பழைய ரெக்கார்டில் முள் மாட்டுகிற மாதிரி, அவர் நினைப்பது வேறாக இருக்கும், வாய் அந்த ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். "அதுக்கு அர்த்தம் தேடாதீங்கம்மா." சரி டாக்டர். தேடவில்லை. ஏன் அந்தச் சொல் என்று மட்டும் கேட்டேன். என் பேர் மரி, இரண்டே எழுத்து, அதைவிடச் சின்னச் சொல் உலகத்தில் உண்டா, காலையிலிருந்து ராத்திரிவரை மரி, மரி என்று வீடு முழுக்கக் கூப்பிட்ட வாய், மாட்டிக்கொள்ள அந்தச் சொல் கிடைக்கவில்லையா. டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, இந்த ஹாலில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று என் முதுகுக்குத் தெரியும். மூலையில் கறுப்பு மர ஸ்டூல், அதன் மேல் வெண்கலத்தில் அவள், இடுப்புயரம்கூட இல்லை, ஆனால் அறையில் எல்லோரையும்விட உயரமாக நிற்பது மாதிரி ஒரு நிற்பு. முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய மெல்லிய உடுப்பு, ஒரு தோள் மூடாமல், முதுகில் அம்புக்கூடு, வலது கை தோளுக்கு மேல் போய் ஒரு அம்பை எடுக்கப் பார்க்கிறது, தலைமுடியில் பிறை, காலடியில் ஒரு நாய் அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. புளியங்கொட்டை நிறம், மடிப்புகளுக்குள் மட்டும் பாசிப் பச்சை. இவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய வருஷம் கப்பலில் வந்த மரப்பெட்டியில் அவள் இருந்தாள். நான் என்னமோ எனக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது என்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆணி ஆணியாகப் பிடுங்கினார், உள்ளே வைக்கோல், வைக்கோலை விலக்க விலக்க முதலில் ஒரு கால் வந்தது, செருப்புக் கட்டிய கால், பிறகு முழங்கால், பிறகு அந்த இடுப்பு, எனக்குக் கூச்சமாகிவிட்டது, எழுந்து நின்றுவிட்டேன். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். "இவ பேரு தியான்" என்றார். யாரு என்றேன். "சாமி. ரோமாபுரியில அந்தக் காலத்து சாமி. காட்டுல வேட்டையாடுற சாமி, கல்யாணம் வேணாம்னு இருந்துட்டவ." நம்ம வீட்டுல வேற சாமியா என்றேன். சிரித்தார். "சாமியா கும்பிடவா கொண்டாந்தேன், அழகா இருக்கான்னு பாரு." அழகாகத்தான் இருந்தாள். அதுதான். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, நல்ல வேலைப்பாடு என்று சொல்லிவிட்டு, அவள் நின்ற பக்கம் தீர்த்தம் தெளிக்காமல் போனார்.

பட்டாளத்து வேலையாகப் பிரெஞ்சுத் துறைமுக ஊரான துலோனில் இவர் இருந்த வருஷங்களில் நான் இங்கே இருந்தேன். அப்பா படுக்கையில், பார்க்க வேறு ஆள் கிடையாது, கிறிஸ்தோஃப் கைக்குழந்தை. இவர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார், மழைக்கு முன்னால் வந்து மழையோடு போவார். அங்கே இவர் எந்த வீட்டில் தூங்கினார், யார் கையால் சாப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை யாரோடு கடற்கரைக்குப் போனார், எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஊர் எனக்கு ஒரு போட்டோவில் இருக்கிற துறைமுகம், கப்பல், பின்னால் வெள்ளை மலை. ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை, ஜோசபின் ஒரு கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்காரும்வரை. அவள் புருஷனும் சொல்தாதான், பட்டாளத்துக்காரர், இவரோடு துலோனில் இருந்தவர். ஜோசபின் பிரியாணியில் எலும்பை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள், நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே வீட்டுலதான் தங்குவாங்களாம், அந்த வீட்டுக்காரி நல்லா சமைப்பாளாம், புருஷன் இல்லாதவளாம், "அவ பேரும் தியான்தான், உங்க வீட்டு பொம்மை மாதிரி" என்றாள். சொல்லிவிட்டுத் தயிர்வெங்காயம் கேட்டாள். அவ்வளவுதான். அவள் மனசில் ஒன்றுமில்லாமல் சொன்னது அது, எனக்குத் தெரியும், ஜோசபினுக்கு எதையும் மனசில் வைத்துப் பேசவே வராது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது மூலையில் நின்றவள் சாமி இல்லை. மூக்கும் வாயும் உள்ள ஒரு பொம்பளை. அந்த உதடு லேசாகத் திறந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், ஏதோ சொல்ல வந்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்ட மாதிரி. ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம், ஏங்க, அந்த வீட்டுக்காரி பேரு என்னங்க என்று, சோறு போடும்போது, துணி மடிக்கும்போது. ஆமாம் என்றால் என்ன செய்வேன். இல்லை என்றால் நம்புவேனா. இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன், அவள் வந்த நாளிலிருந்து செய்கிற மாதிரியே தினமும் காலையில் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கு, கன்னம், உதடு, கழுத்து, வீட்டுச் சாமானில் தூசி இருந்தால் எனக்குப் பிடிக்காது. இவர் ஒருநாளும் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அதையும்தான் யோசித்தேன், ஏன் தொடுவதே இல்லை என்று.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். "மதாம், வரலாமா?" கேசவலு. பழைய சாமான் கடைக்காரர், கடற்கரைக்குப் போகிற தெருவில் கடை, சிலையைப் பார்க்க நான்தான் வரச்சொன்னேன், ஆனால் சவரம் முடிந்த பிறகு வருவார் என்று நினைத்தேன், இவருக்குப் பாதி முகம்தான் ஆகியிருக்கிறது, மறுபாதியில் நுரை. வாங்க என்கிறேன். கிறிஸ்தோஃபிடம் முன்பே கேட்டாகிவிட்டது, உனக்கு வேணாம்னா குடுத்துடு மாமான், எனக்கு அது என்ன ஞாபகம், நாயைத் தடவினதுதான் என்றான், அம்மா என்று கூப்பிட மாட்டான், மாமான்தான். இவரிடம் கேட்க முடியாது. கேட்டேன், ஒருமுறை. தியானைக் குடுத்துடவா என்றேன் கண்ணைப் பார்த்து. தியான் என்றார். கேசவலு இவரைப் பார்த்துக் கைகூப்புகிறார், "போன்ழூர் முசே, எப்படி இருக்கீங்க?" இவர் நல்ல கையைத் தூக்குகிறார். நான் இவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சொல்லாதே, இந்த ஆள் முன்னால் சொல்லாதே, அவள் பேரைச் சொல்லிவிட்டால் இவருக்கு வேண்டும் என்று அர்த்தமாகிவிடும், அர்த்தமில்லை என்று டாக்டர் சொன்னதை நான் இவரிடம் எப்படிச் சொல்வேன். இவர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "நீங்க உங்க வேலையப் பாருங்க மதாம், நான் பாட்டுக்குப் பாத்துக்கறேன்" என்று கேசவலு மூலைக்குப் போகிறார். நான் பிளேடைத் தண்ணீரில் அலசுகிறேன், நுரை கிண்ணத்தில் மிதக்கிறது, அதில் இவர் மயிர், வெள்ளை வெள்ளையாக.

முதுகுக்குப் பின்னால் அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வருவது கேட்கிறது. டார்ச்சு போடுகிற கிளிக். மூச்சு விடுகிறார், வயசானவர், முட்டி மடங்கும்போது ஒரு முனகல். எனக்கு ஏனோ உடம்பு கூசுகிறது, என்னையே யாரோ வெளிச்சம் போட்டுப் பார்க்கிற மாதிரி. "தியான்" என்கிறார் கேசவலு. என் கை நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை இவர் வாயைத் தவிர வேறு வாயில் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது, ஜோசபினுக்குப் பிறகு யாரும் சொன்னதில்லை. "பிறை இருக்கு பாருங்க தலையில, நாய் இருக்கு, அம்பு இருக்கு, தியான்தான். வில்லு மட்டும் காணோம், இடது கையில இருந்திருக்கணும், விழுந்திருக்கும்." நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன். சொல்லைக் கேட்டாரா. கண் ஜன்னல் பக்கம், தெருவில் ஒரு சைக்கிள் போகிறது, அதோடு கண்ணும் போகிறது. மோவாயைத் திருப்பி அடுத்த பக்கம் பிளேடை வைக்கிறேன், இது நல்ல பக்கம், இங்கே தோல் தானாகவே நிற்கிறது. "என் கடையில வீனஸ் நாலஞ்சு இருக்கு மதாம், மினெர்வ் ஒண்ணு இருக்கு தலையில தொப்பி வெச்சுக்கிட்டு, ஃபுளோர் ஒண்ணு கூடை நிறையப் பூவோட. பழைய பிரெஞ்சுக்காரங்க வீடு காலி பண்ணும்போதெல்லாம் ஒரு தேவதை கிடைக்கும்." அவர் சிலையை மெதுவாகச் சாய்த்து அடியைப் பார்க்கிறார். விரலை மடக்கித் தட்டுகிறார், டங்கென்று ஒரு சத்தம், உள்ளே ஓடி எங்கேயோ போய் நிற்கிற சத்தம். "கேட்டீங்களா? உள்ள ஒண்ணும் கிடையாது. நம்ம ஊரு அம்மன் சிலைன்னா கெட்டியா வார்ப்பாங்க, அவங்க ஓடு மாதிரி வார்த்து நிறுத்திடுவாங்க." ஒன்றும் கிடையாதா என்கிறேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "வெத்து. வேணும்னா வந்து பாருங்க."

நான் போய்ப் பார்க்கிறேன், கையில் பிளேடோடு. சாய்ந்து கிடக்கிற அவளுடைய அடிப்பாகம், கீழே ஒரு ஓட்டை, டார்ச்சு வெளிச்சத்தில் உள்சுவர் கரடுமுரடாக, துருப்பிடித்த ஒரு கம்பி குறுக்கே, ஒரு சிலந்தி வலை, பழைய வைக்கோல் துண்டு ஒன்று, அந்தப் பெட்டியில் இருந்த வைக்கோலாகத்தான் இருக்கும். அவள் தலைவரைக்கும் இருட்டு. இவ்வளவு நாளும் நான் ராத்திரி விளக்கை அணைக்கும்போது அவள் முழித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அணைத்தேன். இந்த முகம் என்கிறேன் கேசவலுவிடம், இது யாராவது ஒரு ஆளைப் பார்த்துச் செஞ்சிருப்பாங்களா, தெரிஞ்ச பொம்பளை யாரையாவது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார். "ஆளா? இல்ல மதாம். பழைய சலவைக்கல் சிலை ஒண்ணு இருக்கும், அதைப் பாத்து அச்சு எடுத்து வார்க்கிறது. இதே முகம் அங்க எத்தனையோ வீட்டுல அடுப்புக்கு மேல நிக்கும். ரொம்பப் பழசுதான், நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கும், ஆனா ஒரே ஒருத்தின்னு சொல்ல முடியாது." பிறகு கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் தடவினார். "அப்படியும் சொல்லிட முடியாது. மத்ததுல மூக்கு கூரா இருக்கும், உதடு மூடி இருக்கும். இதுல துடைச்சுத் துடைச்சு எல்லாம் மழுங்கிப்போச்சு, மேல் நிறமே போயிடுச்சு பாருங்க, உதடு திறந்தாப்ல ஆயிடுச்சு. கண்ணும் வேற மாதிரி இருக்கு. யாரு, வேலைக்காரப் பொண்ணா துடைக்கறது?" நான்தான் என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அவசரமாக, என் மனசு நோகக்கூடாது என்று, "இதுக்குன்னு ஒரு முகம் வந்துடுச்சு."

இதுக்குன்னு ஒரு முகம். என் கை கொடுத்த முகம். திறந்த உதடு நான் திறந்தது. எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள் என்று நான் இத்தனை காலம் பார்த்துப் பயந்த அந்தப் பொம்பளை துலோனில் இல்லை, இந்த ஹாலில், என் ஈரத்துணியிலிருந்து, காலை காலையாக வந்தவள். அப்படியானால் அவள் இல்லையா. அந்த வீட்டுக்காரி. நல்லா சமைப்பவள். அவள் இருந்திருப்பாள், ஜோசபின் பொய் சொல்லமாட்டாள், அவளுக்கும் ஒரு முகம் இருந்திருக்கும், அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை, இந்நேரம் செத்தும் போயிருப்பாள். இவர் அவளை நினைத்துத்தான் இந்தச் சிலையை வாங்கினாரா, கடைவீதியில் பேரைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டாரா, அல்லது வெறுமனே அழகு என்று வாங்கினாரா. இவர் விழுந்த அன்றைக் காலைப்பொழுதைத் திரும்பவும் எடுத்துப் பார்க்கிறேன், எத்தனை தடவை எடுத்திருப்பேன், துணி கிழிகிற மாதிரி நைந்துபோய்விட்டது அந்தக் காலை. நான் அடுப்பங்கரையில், பால் பொங்குகிறது, இவர் ஹாலில், ஏதோ சொல்கிறார், நான் என்ன என்கிறேன், பிறகு சத்தம், நாற்காலி விழுந்தது என்று நினைத்தேன். அந்த ஏதோ என்ன. தியான் மேல தூசி இருக்கு மரி, என்று சொன்னதாக எனக்கு இப்போது கேட்கிறது. அன்றைக்கு நான் துடைக்கவில்லை, கையில் மாவு. தூசி இருக்கு என்றுதான் சொன்னார், அதில் அந்தப் பேர் வந்தது, அப்படியே மூளையில் நின்றுவிட்டது, டாக்டர் சொன்ன முள். சரியாகப் பொருந்துகிறது. ரொம்பச் சரியாகப் பொருந்துகிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது இந்த வாக்கியம் என்னிடம் இல்லை, பிறகுதான் வந்தது. கேட்டதா, நானே செய்துகொண்டதா. அதில் கடைசியில் மரி என்று வேறு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

"என்ன மதாம், எடுத்துக்கட்டுமா, யோசிக்கிறீங்களா? அவசரம் இல்ல." யோசிக்கவில்லை என்றேன், எடுத்துக்குங்க. அவர் பழைய கம்பளி ஒன்று கொண்டுவந்திருந்தார், அதைத் தரையில் விரித்தார், குனிந்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "ஆட்டோக்காரனைக் கூப்பிடவா?" என்றார் வெட்கத்தோடு. வேண்டாம், நான் பிடிக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன். ஏனென்றால் துடைத்ததைத் தவிர நான் அவளைத் தூக்கியதே இல்லை. ஸ்டூலுக்கு அடியில் பெருக்கும்போதுகூட இவரைத்தான் ஸ்டூலோடு நகர்த்தச் சொல்வேன். கேசவலு காலைப் பிடித்தார், நாயும் அவர் பக்கம், நான் தோளைப் பிடித்தேன். என்ன குளிர்ச்சி. ஜன்னல் வெயிலில் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பு, அங்கே கை பட்டபோது தூக்கிவாரிப்போட்டது, ஆளுடைய சூடு மாதிரியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாதவளுக்கு இவ்வளவு கனமா. அவள் தலை என் நெஞ்சில் சாய்ந்தது, பிறை என் கழுத்தில் அழுந்தியது, அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன், மழுங்கிய மூக்கு, மழுங்கிய உதடு, பாவம் என்று தோன்றியது எனக்கு, கப்பலேறி வந்து ஒரு பொம்பளை பார்வையிலேயே நின்று நின்று இப்படி ஆகிவிட்டாயே என்று. கம்பளியால் சுற்றினோம். முகத்தை நான்தான் மூடினேன். இப்போது வாசலுக்குப் போக வேண்டும் என்றால் இவர் நாற்காலிக்கு முன்னால்தான் போக வேண்டும்.

இந்த இடத்தைத்தான் நான் பல நாளாக நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இவர் பார்ப்பார். புரிந்துகொள்வார், பேச்சுதான் போனது, புரிகிறது எல்லாம் புரிகிறது இவருக்கு. கையை நீட்டுவார், கத்துவார், அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவார், அப்போது அது வெளிச்சமோ தண்ணீரோ இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும், பிறகு இந்த மனுஷனுக்கு நான் எந்தக் கையால் கஞ்சி ஊட்டுவேன். கேசவலு பின்பக்கமாகவே நடக்கிறார், நான் முன்னால் பார்த்து நடக்கிறேன், கம்பளியிலிருந்து செருப்புக் கட்டிய கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலிக்கு நேராக வந்ததும் என் கால் நின்றுவிட்டது. நிற்க நினைக்கவில்லை. இவர் அந்தக் காலைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். தெருவில் போன சைக்கிளைப் பார்த்த அதே கண். பிறகு என்னைப் பார்த்தார், பாதி முகத்தில் நுரை காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது, இடது கையைத் தூக்கி அந்தக் கன்னத்தைக் காட்டினார், கொஞ்சம் கோபத்தோடு, பட்டாளத்துக்காரர் கோபம், பாதியில விட்டுட்டுப் போறியே என்கிற கோபம்.

"தியான்" என்றார் என்னிடம்.

வர்றேன், இதோ வந்துடறேன் என்றேன். கேசவலு அந்தப் பக்கம் என்ன நினைத்தாரோ, தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டோவின் பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்க என் பழைய தலையணை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். "பத்திரமா வெச்சுக்கறேன் மதாம்" என்றார் அவர். தெரு முனை திரும்பும்வரை நின்றேன். கடையில் வீனஸ்களுக்கும் பூக்கூடைக்காரிக்கும் நடுவில் நிற்பாள், அவர்களில் ஒருத்தியாக, யாரும் துடைக்காமல் தூசி படியட்டும், தூசி நல்லது அவளுக்கு.

உள்ளே வந்தால் மூலை இவ்வளவு பெரிதா. சுவரில் அவள் உருவத்துக்கு ஒரு வெளுப்பு. தண்ணீரை மாற்றிக்கொண்டுவந்து, வெதுவெதுப்பாக, நுரை திரும்பப் போட்டேன், இவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாக இருக்க வேண்டும் எனக்கு. இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, நெஞ்சில் நீண்டகாலம் அழுத்திக்கொண்டிருந்த கை ஒன்று எடுபட்ட மாதிரித்தான் இருந்தது, ஆனால் எடுபட்ட இடத்தில் குளிர்ந்தது. இவர் அழுதிருந்தால்கூட. ஒரு கத்தல் கத்தியிருந்தால் எனக்கு ஒரு விஷயம் கையில் இருந்திருக்கும், சண்டைபோட ஒரு ஆள், வாயில்லாத இவரோடு இல்லாவிட்டாலும் அவளோடு. அந்தச் சொல் அவளுடையதும் இல்லை, சிலையுடையதும் இல்லை, யாருடையதும் இல்லை, உள்ளே வெத்து, தட்டினால் சத்தம் வருகிறது. அப்படியானால் இந்த மனுஷன் வாயில் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கிறது, நாளைக்கும் மறுநாளும், நான் சாகிறவரை அல்லது இவர் சாகிறவரை, நான் யாரோ ஒரு தியான். மேல் உதட்டுக்கு வரும்போது மூக்கை லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடித்தேன். துண்டால் துடைத்து, கன்னத்தில் கன்னம் வைத்துப் பார்த்தேன், எங்கேயாவது சொரசொரப்பு மிச்சம் இருக்கிறதா என்று.

அப்போது கோயிலில் மத்தியான மணி அடித்தது. துண்டு என் தோளில், கிண்ணம் கையில், நான் அப்படியே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். இத்தனை மாதமாக வாய்க்குள்ளேயேதான் சொல்லிக்கொள்கிறேன், இவர் முன்னால் சத்தமாகச் சொன்னால் சொல்ல முடியாதவரைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று. இன்றைக்கு அந்த ஹாலின் வெறுமை தாங்காமல் சத்தமாக வந்துவிட்டது. மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினேன், அருள் நிறைந்த என்று. இரண்டு சொல் போயிருக்கும். என் குரலுக்குக் கீழே இன்னொரு குரல், தேய்ந்து, மண்ணிலிருந்து வருகிற மாதிரி. நான் பயந்து நிறுத்திவிட்டேன். குரல் நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தன் சொல்லைத் தேடிப் போயிற்று, கோணிய வாயில் இடது ஓரத்தால், ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக.

"மரியே" என்றார்.

கிண்ணத்துத் தண்ணீர் என் புடவையில் கொட்டிவிட்டது. எனக்குத் தெரியும் அது என்னைக் கூப்பிட்டதில்லை. அது மாதா, ஜெபத்தில் அடுத்து வருகிற அவள் பேர், சின்ன வயசிலிருந்து தினமும் சொல்லி நாக்கில் பள்ளமாகிவிட்ட வழி, நினைப்பு போகாத இடத்துக்கும் நாக்கு தானாகப் போகும். டாக்டரிடம் சொன்னால் அவர் இதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். இருக்கட்டும். நான் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து இவர் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன், இவர் என்னைப் பார்த்தார், தானே ஏதோ செய்துவிட்டோம் என்று தெரிந்த, ஆனால் என்ன என்று தெரியாத பார்வை. ஜெபத்தை முடிக்க வேண்டும், பாதியில் விடக்கூடாது, பாவம். முடித்தேன். மணி நின்றுவிட்டது, தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது, சோறு வைக்க நேரமாகிவிட்டது, அரிசிகூடக் களையவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன், மெதுவாக, முதல் இரண்டு சொல்லை மட்டும் சொன்னேன், அடுத்ததை நான் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு, இவர் உதட்டையே பார்த்தபடி காத்திருந்தேன்.